பதினேழாவது கலவை

ஜனவரி 17, வெள்ளி

தமிழ் ஆசிரியை கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். தலைப்பு: 'என் தந்தையின் தொழில்'. ஓரத்தில் சிவப்பு மையில், 'நல்ல தரையை ஏன் வெட்ட வேண்டும்? தெளிவில்லை' என்று எழுதியிருக்கிறார்.

தெளிவாகத்தானே எழுதினேன்? இங்கே இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன். கிடங்குகளுக்குப் போடும் கான்கிரீட் தரை காயக் காயச் சுருங்கும். சுருங்கினால் கண்ட இடத்தில் வெடிக்கும். அதனால் தரை போட்டவுடனேயே இயந்திர வாளால் நேர்கோடாக வெட்டி விடுகிறார்கள். வெடிப்பதானால் அந்தக் கோட்டுக்கு அடியிலேயே வெடித்துக்கொள்ளட்டும் என்று. ஆனால் வெட்டைத் திறந்தே விட்டால், சரக்கு வண்டிகளின் சின்னச் சக்கரம் ஏறி இறங்கி அதன் ஓரங்கள் உடைந்து போகும். அங்கேதான் அப்பா வருகிறார். வெட்டைச் சுத்தம் செய்து, இரண்டு டின்களில் இருப்பதை ஒன்றாகக் கலந்து ஊற்றி, இறுகியதும் தரைமட்டத்துக்குச் சீவி விடுவார். இந்த வெட்டுக்கு ஜாயின்ட் என்று பெயர்.

இதில் என்ன புரியவில்லை?

அம்மாவிடம் காட்டினேன். மருந்துக்கடையிலிருந்து வந்த களைப்பில் செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்துவிட்டுச் சிரித்தாள். "உங்கப்பாவப் பத்தி ரெண்டு பக்கமா? என்கிட்ட கேட்டிருந்தா ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேனே. 'ஊர்ல இல்ல.'"

நானும் சிரித்தேன். பிறகுதான் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டது தெரிந்தது.

ஜனவரி 25, சனி

அப்பா வாட்ச்மேன் அறையிலிருந்து பேசினார். இந்த மாதக் கடைசியில் வருவதாக இருந்தது. இல்லையாம். அவர் வேலை செய்யும் குளிர்பதனக் கிடங்கில் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி நாலு நாள் வீணாகிவிட்டது.

"இப்பவே ஊத்திட்டு வந்துட வேண்டியதுதானேப்பா?" என்றேன்.

"குளிர் ஏற ஏற தரை இன்னும் சுருங்கும் பாப்பா. இப்ப ஊத்தினா அப்புறம் ஜாயின்ட் அகலமாகி, ஊத்தினது கிழிஞ்சு நிக்கும். முழுசாக் குளிர்ந்து அப்படியே கொஞ்ச நாள் கிடக்கணும். அப்புறம்தான் ஊத்தணும்."

உள்ளே செல்போன் ஐந்து நிமிடத்தில் செத்துவிடுமாம். அவசரமென்றால் வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டும். அவர் நடந்து போய்ச் சொல்வார். "பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் கூப்பிடாதே. ஊத்திட்டிருப்போம். கலந்துட்டா பத்து நிமிஷம்தான், அப்புறம் வாளியோட கல்லாயிடும்." நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் 12–2 என்று எழுதிச் சுற்றிலும் கட்டம் போட்டேன்.

அம்மாவிடம் போனை நீட்டினேன். வாங்கவில்லை. போனுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "ஒரு தரை சுருங்குதா விரியுதான்னு மாசக்கணக்கா பார்த்துட்டு உட்கார முடியுது. அந்தப் பொறுமையில கால்வாசிய வீட்டுல காட்டியிருந்தா..."

அப்பா வைத்துவிட்டார். கேட்டுவிட்டா, கேட்பதற்கு முன்பா?

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மா பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினாள். வெயிலில் வைக்கத்தானாம்.

பிப்ரவரி 8, சனி

அம்மா போய்விட்டாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா ஊருக்கு.

பஸ் நாலரைக்கு. அப்பா வந்தது நாலு ஐம்பதுக்கு.

பிப்ரவரி 9, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். எழுதினால் மனம் தெளியும் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் படித்திருக்கிறேன்.

நேற்றுப் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அம்மா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பாவுக்குப் போன் போடு. நான் பேச மாட்டேன், நீயே பேசு. நாலரை பஸ்ஸுக்குள்ள வந்து என்கூட உட்கார்ந்து பேசினா இருக்கேன். இல்லன்னா கிளம்பிட்டேன்னு சொல்லு." நான் போன் செய்து சொன்னேன்.

தம்பி தன் பையில் ஒரு பொம்மை லாரியும் சோப்பு டப்பாவும் வைத்தான். சோப்பு எதற்கு என்றேன். "அங்க அழுக்காயிட்டா?" என்றான்.

"நீயும் வர்றியா?" என்று அம்மா என்னைக் கேட்டாள். பரீட்சை இருக்கிறது என்றேன். "சரி. முடியட்டும். வந்து கூட்டிட்டுப் போறேன்." என் தலையை வாரிவிட்டாள். சாதாரணமாக வாருவதைவிட மெதுவாக.

நாலு மணிக்கு வாசல் பக்கம் பார்த்தாள். நாலேகாலுக்கு இன்னொரு முறை. பிறகு பார்க்கவில்லை.

அப்பா வந்தபோது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. அதோடேயே சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் எட்டிப் பார்த்தார். பிறகு கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கைவரை சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பி இறுகிப் போயிருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

மனம் ஒன்றும் தெளியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

அம்மா போனில் கத்தியது பக்கத்து அறையில் இருந்த எனக்கே கேட்டது.

"பன்னெண்டு மணிக்கே பிள்ளைய விட்டுச் சொன்னேன். மூணு மணி நேர வழி! அஞ்சு மணி நேரமா என்ன பண்ணீங்க? சொல்லட்டுமா? கலந்தாச்சு, காஞ்சிடும். ஊத்தி முடிச்சு, சீவி முடிச்சு, கையக் கழுவிட்டுக் கிளம்பியிருப்பீங்க. பொண்டாட்டிதானே, அவ எங்க காயப் போறா!"

அப்பா கதவருகே நின்றிருந்த என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா," என்றார் போனில். "தப்புதான்."

ஒன்பதாம் தேதி எழுதியதில் ஒரு வரி பொய். நான் பன்னிரண்டு மணிக்குப் போன் செய்யவில்லை. இரண்டு மணிக்குத்தான் செய்தேன்.

பன்னிரண்டரைக்கு அம்மா, "சொல்லிட்டியா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்று தலையாட்டினேன். ஏன்? நாட்காட்டியில் சிவப்புக் கட்டம் இருந்தது. அப்பா சொன்னதை நான்தான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன் என்று இருந்தது. அம்மா நிஜமாகப் போக மாட்டாள், பெட்டியை மறுபடி பரணில் ஏற்றச் சொல்வாள் என்றும் நினைத்தேன். அப்புறம் — இதையும் எழுதத்தான் வேண்டும் — கதைப் புத்தகத்தில் முப்பது பக்கம் பாக்கி இருந்தது. முடித்துவிட்டேன். நன்றாக இருந்தது.

அப்பாவுக்குத் தெரியும், போன் எத்தனை மணிக்கு வந்ததென்று. ஏன் சொல்லவில்லை? ஏன் அப்படிப் பார்த்துவிட்டு 'ஆமா' என்றார்?

பிப்ரவரி 27, வியாழன்

கணக்குப் போட்டேன். இரண்டு மணிக்கு வாட்ச்மேனிடம் சொன்னேன். பைக்கில் வேகமாக வந்தால் இரண்டரை மணி நேரம். நாலரை ஆகியிருக்கும். பஸ் எப்போதும் இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் எடுப்பார்கள். வந்தது நாலு ஐம்பது. அந்த இருபது நிமிடம்? கையிலிருந்த கலவையை ஊற்றி முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பார். அம்மா சொன்னது முழுக்கத் தவறில்லை.

ஆக, இரண்டு மணி நேரம் என்னுடையது. இருபது நிமிடம் அப்பாவுடையது.

இந்த இருபது நிமிடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா இப்போது வெளியூர் வேலைக்குப் போவதில்லை. உள்ளூரில் ஒரு பஸ் பணிமனையின் தரையை எடுத்திருக்கிறார். ஆறு மணிக்கு வீட்டில். சமைக்கிறார். உப்பை அளந்து, கரண்டியின் மேல்மட்டத்தைக் கத்தியால் சீவிப் போடுகிறார். அப்படியும் உப்பு கூடத்தான்.

தம்பி போனில், "அக்கா, அப்பா பெரிய ஃபிரிட்ஜ விட்டு வெளிய வந்துட்டாரா?" என்றான். வந்துவிட்டார் என்றேன். "அப்ப ஏன் இங்க வரல?"

ஏப்ரல் 5, சனி

குளிர்பதனக் கிடங்கிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு ஜாயின்ட்டில் ஊற்றியது கிழிந்து, பக்கத்தில் ஓரமும் உடைய ஆரம்பித்திருக்கிறதாம். பரீட்சை முடிந்துவிட்டது. என்னை வீட்டில் தனியாக விட முடியாது என்று அப்பா கூட்டிப் போனார். எட்டு வாரத்தில் அவர் அங்கே போவது இதுதான் முதல் தடவை.

எனக்கு முழங்கால்வரை தொங்கும் கோட்டு ஒன்று கொடுத்தார்கள். கனமான கதவு திறந்ததும் குளிர் மூக்குக்குள் ஊசியாய் ஏறியது. உள்ளே அவ்வளவு பெரிய தரை! சாம்பல் கோடுகள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, கோடு போட்ட நோட்டு மாதிரி. இதையெல்லாம் என் அப்பா முழங்காலில் நகர்ந்து நகர்ந்து ஊற்றியிருக்கிறார். கட்டுரையில் இதை நான் எழுதவே இல்லை.

மொட்டை மாமா முன்னாலேயே வந்திருந்தார். அப்பாவோடு பதினைந்து வருடமாக வேலை செய்பவர். தலையில் இரண்டு குல்லாய், ஒன்றின்மேல் ஒன்று. "வா தாயி. உனக்கென்ன, முடியிருக்கு," என்றார்.

கிழிந்த இடம் சரக்கு வைக்கும் இரும்பு அடுக்குகளுக்கு அடியில், ஒரு நீளக் கோட்டின் நடுவில் இருந்தது. அப்பா டார்ச் அடித்தார். அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் கோடு வெளிர் சாம்பல், அந்தப் பக்கம் கொஞ்சம் அடர்த்தி. நடுவில் விரல் நுழையும் அளவு பிளவு.

"முதல்ல ஊத்தினது சரிவா முடிஞ்சிருந்ததே, அந்த முனைய நேரா வெட்டிட்டா மிச்சத்த ஊத்தின?" என்றார் அப்பா.

"எங்கடா வெட்ட விட்ட?" மொட்டை மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாதிக் கோட்டுல வாளியப் போட்டுட்டு ஓடினது நீ. வாட்ச்மேன் வாயத் திறந்து முடிக்கல, உன்னக் காணோம். கலந்தது வாளியிலயே கல்லாப் போச்சு, அத உடைக்கவே எனக்கு அரை நாளு. மறுநாள் வந்து நான் ஒண்டியா மிச்சத்த ஊத்தினேன். வெட்டணும்னு தோணல, போ. பதினஞ்சு வருஷத்துல நீ நடுவுல நிறுத்தின ஒரே கோடு, அதுதான் கிழிஞ்சிருக்கு."

அப்பா டார்ச்சைக் கீழே வைத்தார். கத்தியை எடுக்கப் பெட்டிப் பக்கம் போனார்.

நான் குனிந்து பார்த்தேன். அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு கலவையும் எங்கே முடிகிறதோ அங்கே தரையில் தச்சுப் பென்சிலால் எண்ணும் நேரமும் எழுதுவார். எந்தக் கலவையாவது சரியாக இறுகாமல் போனால் கண்டுபிடிக்க வேண்டுமே. பிளவுக்குப் பக்கத்தில், அடுக்கின் காலுக்கு ஒட்டினாற்போல், அவருடைய எழுத்து இருந்தது. மேலே மூடாத அவருடைய நாலு.

17 — 2.04

இரண்டு மணி நாலு நிமிடம். நான் போனை வைத்ததிலிருந்து நாலு நிமிடம். வாட்ச்மேன் நடந்து வந்த நேரம், அவ்வளவுதான். ஓடும்போதும் குனிந்து நேரத்தை எழுதிவிட்டு ஓடியிருக்கிறார்.

என்னுடைய இருபது நிமிடம் போய்விட்டது.

"தாயி, கண்ணத் தொடச்சுக்க," என்றார் மொட்டை மாமா. "இங்க அழுதா இமை ஒட்டிக்கும். நெசமாத்தான் சொல்றேன்."

திரும்பும் வழியில் டீக்கடையில் பைக்கை நிறுத்தினார். சொன்னேன்.

"அப்பா, அன்னைக்கு அம்மா பன்னெண்டு மணிக்கே சொன்னா. நான் ரெண்டு மணிக்குத்தான் கூப்பிட்டேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏம்பா ஆமான்னீங்க?"

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப் போன பிறகும் ஆற்றினார். "கூப்பிடாதேன்னு சொன்னது நான்தானே? நீ கேட்டுக்கிட்ட. உன்னையும் அவ கோவிச்சுக்கிட்டா, அவகிட்ட போய் இருக்க உனக்கு எப்படி மனசு வரும்?"

"இருபது நிமிஷம்பா."

"ரோடு அப்படி."

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டியது, முப்பது பக்கம், பென்சில் எழுத்து, வாளி. லைனில் இருக்கிறாயா என்று கேட்டேன்.

"இருக்கேன்."

"என்மேல கோவமா?"

"உன்மேல எதுக்குடி?" மூக்கை உறிஞ்சினாள். "பெரியவங்க பேச வேண்டியத உன் வாயில குடுத்து அனுப்பினேன் பாரு, என்னச் சொல்லணும்."

"அப்பா அன்னைக்கு நேரத்துக்கு வந்திருந்தா நீ இருந்திருப்பியா?"

அம்மா பொய் சொல்ல மாட்டாள். அதுதான் அவளிடம் கஷ்டம்.

"இருந்திருப்பேன். அடுத்த மாசம் போயிருப்பேன். ஒரு நாள்ல வந்ததில்லம்மா இது. நீ பிடிச்சு நிறுத்தியிருக்க முடியாது, அவராலயும் முடியாது. தூக்கிச் சுமக்காத."

வைக்கப்போகும்போது கேட்டாள்: "உள்ள போகும்போது கையில என்ன போட்டிருந்தாரு? அந்தக் கட்டைவிரல் கிழிஞ்ச உறையா?"

ஆமாம் என்றேன்.

"மடையன்," என்றாள். ரொம்ப மெதுவாக.

ஏப்ரல் 12, சனி

அப்பாவும் மொட்டை மாமாவும் மறுபடி அங்கே போய், கிழிந்ததைத் தோண்டி எடுத்து, இரண்டு முனையையும் நேராக வெட்டிப் புதிதாக ஊற்றிவிட்டு வந்தார்கள். இனி பிடிக்குமா என்றேன்.

"ஒட்டாதும்மா. ஒட்டணும்னு ஊத்துறதில்ல அது. ரெண்டு பக்கமும் அதது பாட்டுக்கு அசையும். ஓரம் உடையாம இருந்தாப் போதும்."

ஜூன் 15, ஞாயிறு

புதிய பள்ளியின் நூலகம் சின்னது; ஆனால் அகராதி புதிது. அம்மா பெரியம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் இரண்டு அறை எடுத்திருக்கிறாள். தம்பி நான் வந்த அன்று, தன் சோப்பு டப்பாவை எனக்குக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலை அப்பாவிடம் போகிறேன். ஞாயிறு மாலை திரும்புகிறேன். இந்த வாரம் கிளம்பும்போது அம்மா என் பையில் ஒரு பொட்டலம் வைத்தாள். என்ன என்று சொல்லவில்லை. அப்பா பிரித்தார். கம்பளிக் கையுறை. புதிதில்லை; அவளுடையது. அகலப்படுத்தி, கட்டைவிரலுக்கு இரட்டைத் தையல் போட்டிருந்தாள். அப்பா அந்தத் தையலின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. வெளியே ஜூன் மாத வெயில். போட்டுக்கொண்டார்.

திரும்பி வருவதும் அதே நாலரை பஸ்தான். அப்பா என்னை மூன்றரை மணிக்கே பஸ் நிலையத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். பஸ்ஸே இன்னும் வரவில்லை. சிமெண்ட் பெஞ்சில் ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.