நினைவு மலரில் நான் வெட்டிய சொல்

இஞ்சாருங்கோ, என் ராசாவுக்கு,

நீங்கள் போய் நாளையோடு ஒரு வருஷம். மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து, கோயில் ஹோலில் சாப்பாடு. வருகிறவர்களுக்கு உங்கள் படம் போட்ட நினைவு மலரும் கொடுக்கிறோம். அழுதுகொண்டு எழுத வேண்டிய கடிதம் இது. எனக்கு வருவதோ கோபம்தான்.

மலரை அச்சடிக்கும் பொறுப்பை உங்கள் தம்பி அருள்தாஸ் எடுத்திருந்தார். நேற்றுக் காலை கிங்ஸ்பரியிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் சரி. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நம் டிலானியின் பெயருக்கு முன்னால் 'வைத்தியர்' என்று கிடக்கிறது.

நான் சொல்லிக் கொடுத்தது 'பீங்கான் ஆராய்ச்சியாளர்'. வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார். கேட்டதற்குச் சிரிக்கிறார்.

"அண்ணி, பீங்கான் எண்டு போட்டால் பெட்டை கோப்பை தட்டுச் செய்யிறாள் எண்டு சனம் நினைக்கும். வைத்தியர் எண்டால்தான் அண்ணைக்கு மரியாதை."

உங்களுக்கு மரியாதையாம். உங்கள் படத்துக்குக் கீழே ஒரு பொய்யை அடித்து, அதைக் கோயில் ஹோலில் வைத்துக் கொடுப்பதா மரியாதை? லண்டனில் எங்கள் சனத்துக்குப் பிள்ளை என்றால் ஒன்றில் ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் வழக்குப் பேச வேண்டும். மற்றதெல்லாம் படிப்பில்லையா?

உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் வருத்தமாய்ப் படுக்கையில் கிடந்தபோது டிலானி ஒருநாள் லாபிலிருந்து இரண்டு கறுப்புத் துண்டுகளைக் கொண்டுவந்து உங்கள் கட்டிலில் வைத்தாள். கார்பைட் என்கிற பீங்கானாம். இரும்பு தண்ணீராய் ஓடுகிற சூட்டைப்போல இரண்டு மடங்கு சூட்டிலும் உருகாதாம். ராக்கெட்டின் நெருப்பு வாய்க்கு அதுதான் தோதாம். ஆனால் சின்னக் கீறல் விழுந்தாலே பிஸ்கட் மாதிரி உடைந்துவிடும். அதனால் அந்தக் கார்பைட் மாவுக்குள் வேறொரு கார்பைட்டின் மெல்லிய நார்களைக் கலந்து, அழுத்திச் சுட்டிருந்தாள். பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினாள். நார் இல்லாத துண்டில் வெடிப்பு நேரே ஓடியிருந்தது. நார் போட்டதில் அது முட்டி, வளைந்து, களைத்துப்போய் நடுவழியில் நின்றிருந்தது.

"பிள்ளை, இது நான் பேக்கரிப் போறணை அடுப்புக்குக் களிமண்ணோட தென்னந்தும்பு கலந்து பூசின வேலையெல்லோ?" என்றீர்கள்.

"ஓம் அம்மப்பா, அதேதான். உங்கட தும்பு எரிஞ்சுபோம், என்ர எரியாது" என்று சீண்டினாள். நீங்கள் இருமி இருமிச் சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு உங்களைப் பார்க்க வந்தவர்களில் யாரை விட்டீர்கள்? நர்ஸ் பிள்ளைக்குக்கூட அந்தத் துண்டைக் காட்டி, போறணைக்காரனின் பேத்தி செய்தது என்று பீற்றிக்கொண்டீர்கள். ஒருநாளாவது அவளை வைத்தியர் என்றீர்களா?

நார் ஒரு பக்கம் கட்டிபட்டு எத்தனை துண்டு உடைந்தது, எத்தனை தரம் அழுதுவிட்டுத் திரும்பத் தொடங்கினாள். அந்தப் பாடு முழுவதையும் ஒரு சொல்லால் அழிக்க இவர் யார்?

"லீவ் இட் அம்மம்மா, எனக்குப் பரவாயில்லை" என்றாள் டிலானி. சொல்லிக்கொண்டே மலரைக் கவிழ்த்து வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"இருநூறு அடிச்சாச்சு அண்ணி, இனி என்ன செய்ய ஏலும்?" என்றார் உங்கள் தம்பி.

"பேனையால வெட்ட ஏலும், தம்பி."

அப்போதே சாப்பாட்டு மேசையில் இருந்துவிட்டேன். ஒவ்வொரு மலராய் எடுத்து, அந்தச் சொல்லை வெட்டி, மேலே என் கையால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பு எழுத்து, கோணல்தான். பொய்யில்லை. இன்றைக்கு மத்தியானம் தம்பி வந்து, நான் திருத்திய ஒரு மலரை எடுத்து வாசித்தார். பிறகு, "இன்னொரு பேனை இருக்கோ அண்ணி?" என்றார். நான் கொடுக்கவில்லை. அவருக்கு என்ன, இரண்டு சொல்லில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

இன்னும் ஒரு கட்டு மிச்சம். கை வலிக்கிறது, வலிக்கட்டும். திருத்தாத ஒரு மலரும் இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. இந்தக் கடிதத்தையும் போட்டோக்கொப்பி எடுத்து ஒவ்வொன்றுக்குள்ளும் வைக்கிறேன், சனமும் வாசிக்கட்டும். நாளைக்கு உங்கள் கல்லறையில் வைக்கிற மலரில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அதை வீட்டிலிருந்து புறப்பட முன் டிலானியே வெட்டி எழுதுவாள். பேனையை அவள் கையில் கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
போறணைக்காரனின் பெண்சாதி,
பீங்கான்காரியின் அம்மம்மா,
திரேசம்மா