யாருக்கும் வேண்டாத அறுபத்து மூன்று டிஸ்க்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆவடியில் ரயில் ஏறுவதற்குள் துப்பட்டா பாதி ஈரம். குடை வீட்டில், மேஜை மேல். இவருக்குக் காலை ஷிஃப்ட், அதனால் மறுபடி உப்புமா. யாரும் புகார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்து மணிக் கூட்டம். கார்த்திக் பேசினான். எங்கள் டீம் லீட், கோயம்புத்தூர்ப் பையன், என்னைவிடப் பதினேழு வயது சின்னவன். கிளவுடில், அதாவது நாங்கள் வாடகைக்கு எடுத்த தூரத்துக் கணினிகளில், எந்த மெஷினோடும் சேராமல் அறுபத்து மூன்று டிஸ்க் சும்மா கிடக்கின்றனவாம். வெள்ளி மாலை அத்தனையையும் அழித்துவிடுவதாக முடிவு.

"மேடம், நீங்க இந்த லிஸ்ட்டை ஒருக்கா பாத்துருங்க. நம்பர் எதாச்சும் தப்பா இருக்குதான்னு மட்டும் பாத்தாப் போதுங்க."

எக்செல். இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து கையால் சேர்த்தது. சேர்த்தவன் முரளி. பாடியில் வீடு, கிளவுடைப் பார்த்துக்கொள்வது அவன்தான்.

பத்தொன்பது வருடம் டேட்டாபேஸ் பார்த்தவள் நான். கம்பெனி கிளவுடுக்குப் போனபின் என் வேலை அடுத்தவர் எக்செல்லில் பிழை பார்ப்பது. கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

மதியம் தேடியதில் ஒரு கருவி அகப்பட்டது. கிளவுடில் இருப்பதையெல்லாம் டேபிளாகக் காட்டுமாம். டிஸ்க் ஒரு டேபிள், மெஷின் ஒரு டேபிள். எஸ்க்யூஎல்லில், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியில், கேட்டால் பதில். இலவசம். சாப்பாட்டு டப்பா முன்னால் தனியாகச் சிரித்தேன். எஸ்க்யூஎல்லைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேனே.

நாளை:
– லேப்டாப்பில் நிறுவ அனுமதி
– முரளியிடம் கிளவுடு சாவி
– தேங்காய், இவர் சட்டைக்குப் பட்டன்

நவ. 11, செவ்வாய்

மழை இல்லை. ஆபீஸ் இருக்கும் எஸ்டேட் சாலையில் முழங்கால் வரை தண்ணீர், லாரி போனால் அலை.

அனுமதி வாங்கவே பதினொன்றரை. பிறகு முரளி.

"இன்னாக்கா, சாவி கேக்குற? நீ எதுனா அழிச்சிட்டீன்னா என் தலைதான் உருளும்."

"பார்க்க மட்டும் அனுமதி குடு முரளி. நானே நினைச்சாலும் எதையும் தொட முடியக் கூடாது."

"அப்டி கேட்ட மொத ஆளு நீதான்க்கா."

நிறுவுவது சுலபம். முதல் கேள்வி: சேராத டிஸ்க்குகளைக் காட்டு. பதில்: ஒன்றுகூட இல்லை. முரளி தோளுக்குப் பின்னால்.

"சோக்கா கீதுக்கா. அல்லாத்தையும் அதுக்குள்ள அழிச்சிட்டியா?"

பதற்றமில்லை. பதில் வந்திருக்கிறது, அப்படியானால் கேட்ட இடம் தப்பு. அமைப்புக் கோப்பைத் திறந்தேன். கருவி தானாகவே அமெரிக்காவில் தேடிக்கொண்டிருந்தது, எங்களுடையவை பெரும்பாலும் மும்பையில். எல்லா ஊரிலும் தேடு என்று ஒரே வரி மாற்றம். மறுபடி கேள்வி. அறுபத்து மூன்று. அரை நிமிடம்கூட இல்லை. முரளி இரண்டு நாள் உட்கார்ந்து சேர்த்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

பட்டன் வாங்கினேன். நிறம் சேரவில்லை.

நவ. 12, புதன்

நல்ல வெயில். துணி காய்ந்திருக்கும்.

முரளி லிஸ்ட்டும் என் லிஸ்ட்டும் சரி, ஒரு எண்கூடப் பிசகவில்லை. சொன்ன வேலை முடிந்தது. ஆனால் திங்கள் கூட்டத்தில் கார்த்திக் "எல்லாத்துக்கும் பேக்கப் எடுத்தாச்சுங்க" என்றானே, அதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பேக்கப்புக்கும் ஒரு டேபிள். இந்தப் பக்கம் டிஸ்க், அந்தப் பக்கம் பேக்கப். அந்தப் பக்கம் காலியாக இருப்பதை மட்டும் கேட்டேன். ஒன்றும் வராது என்று நினைத்தேன்.

ஒரு வரி வந்தது. சிங்கப்பூரில் ஒரு டிஸ்க். பெயர்: லேப், பழைய ரிப்போர்ட். பேக்கப் எடுத்த நிரல் மும்பையில் மட்டும் ஓடியிருக்கிறது.

நாங்கள் ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். இது பூந்தமல்லி லேபினுடையது. கார்த்திக்கிடம் போனேன்.

"அது புது சிஸ்டத்துக்கு மாத்தியாச்சுங்களே மேடம்."

"எல்லாமேவா?"

"மாத்துனவர் வேலைய விட்டுப் போயிட்டாருங்க. டேட்டா வெளிநாட்டுல இருக்கக்கூடாதுன்னு ஆடிட்டுல சொல்றாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள சிங்கப்பூர் காலியாகோணும். மும்பைக்குக் கொண்டுவரணும்னா மேலே காரணம் காட்டோணும்."

புது சிஸ்டத்தில் அந்த லேபின் முதல் ரிப்போர்ட் தேதியைப் பார்த்தேன். 2020 ஜூன். அவர்கள் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே எங்கள் வாடிக்கையாளர். அந்தப் பழைய ரிப்போர்ட் எதுவும் மாறவில்லை. காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்கு. இவர் ரசம் வைத்திருந்தார். புளி அதிகம்.

நவ. 13, வியாழன்

என்னுடைய அவசரம். எழுதி வைக்கிறேன்.

ஊக்கத்தில் இன்னொரு கேள்வி கேட்டேன்: வெளியாட்கள் பார்க்கும்படி திறந்து கிடக்கும் கோப்புச் சேமிப்பு ஏதாவது உண்டா? ஒன்று உண்டு. உறுதி செய்ய நான்கு நிமிடம் கழித்து மறுபடி. இன்னும் திறந்தே. நேராகக் கூட்டத்துக்குப் போய், எல்லார் முன்னாலும், "முரளி, உன் சேமிப்பு இப்பவும் திறந்து கிடக்கு" என்றேன்.

முரளி தன் திரையைத் திருப்பிக் காட்டினான். மூடியிருந்தது.

கருவி ஐந்து நிமிடத்துக்குள் அதே கேள்வி கேட்டால் பழைய பதிலையே எடுத்து நீட்டுமாம். கையேட்டில் இருக்கிறது. நான் படிக்காத பக்கம்.

கார்த்திக் மெதுவாகக் கேட்டான். "அப்ப அந்த டிஸ்க் விஷயமும் இப்படித்தானுங்களா மேடம்?"

முகம் சூடானது. அங்கேயே மன்னிப்புக் கேட்டேன், முரளியைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி. டிஸ்க் கேள்வியை மறுபடி ஓட்டினேன், நேற்றைய பதில் கலக்க வழியில்லை. அதே ஒரு வரி. கார்த்திக், "நாளைக்கு அதைத் திறந்து பாத்துருங்க" என்றான். அவ்வளவுதான். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் முரளி. "தொறந்து இருந்தது நெசம்தான்க்கா. நீ மொத தபா கேட்டப்போ உன் திரையப் பாத்துட்டுதான் போயி மூடுனேன். வாயத் தொறந்து சொல்லிருக்கணும், சொல்லல."

"நானும் உன்கிட்ட வந்து கேட்டிருக்கணும்."

"உடுக்கா."

டீக்குப் பிறகு மனதில் கனமில்லை. இனி கூட்டத்துக்கு முன் ஆளிடம், பிறகு கூட்டத்தில்.

நவ. 14, வெள்ளி

மழை, விட்டு விட்டு. ரயில் இருபது நிமிடம் தாமதம்.

முரளி அந்த டிஸ்க்கை ஒரு சின்ன மெஷினில் மாட்டித் திறந்தான். வருட வாரியாக ஃபோல்டர். 2013இலிருந்து. உள்ளே ரிப்போர்ட்டுகள், பெயர், வயது, அளவு.

லேபுக்கு ஃபோன், ஸ்பீக்கரில். எடுத்தவர் செல்வி, லேபைப் பார்த்துக்கொள்பவர். பின்னால் மெட்ரோ வேலையின் இரைச்சல், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"2020க்கு முன்னாடி ரிப்போர்ட்டுங்களா? புதுசுல தேடுனா வரவே மாட்டேங்குது மேடம். பேப்பரு அல்லாம் தண்ணி பூந்து பூடுச்சு. ஒருத்தர் மூணு வாரமா கேட்டுகினு கீறாரு, கிட்னி டாக்டரு பழைய அளவு கேக்குறாராம். இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். உங்ககிட்ட கீதா?"

"இருக்கு" என்றேன்.

கார்த்திக் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மேலதிகாரிக்கான கடிதத்தை அவனே அடித்தான். மூன்றே முக்காலுக்கு அனுமதி. ஐந்துக்குள் மும்பைக்கு நகல், எண்ணிப் பார்த்து, திறந்து பார்த்து. ஐந்தரைக்கு அறுபத்து மூன்றும் அழிந்தன. பொத்தானை அழுத்தியது முரளி. எனக்குத்தான் தொட அனுமதி இல்லையே.

கிளம்பும்போது கார்த்திக்: "ஆடிட் கேள்வி இன்னும் நாப்பது இருக்குதுங்க மேடம். நீங்க எடுத்துக்கறீங்களா?"

எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை.

நவ. 15, சனி

லீவு. வெயில். மெத்தை உறை துவைத்தாயிற்று.

பத்து மணிக்கு செல்வி பெயரும் வருடமும் அனுப்பினார். முரளி வீட்டிலிருந்தே தேடி எடுத்தான். 2016, 2017, 2019, மூன்று ரிப்போர்ட். மூன்றையும் லேபுக்கு அனுப்பிவிட்டு, இவருக்கு தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன்.

"வந்துச்சு மேடம். பிரிண்ட் எடுத்துட்டேன். அவருக்குச் சொல்லிட்டேன், ஆட்டோல வந்துகினே கீறாராம்."