கேட்டுட்டுத் தொடுங்க

விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு இரண்டு வருஷமாகியும் சித்ரலேகாவின் விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகியே கிடந்தன. நேற்று விருந்தாளிகள் முன்னால் கணவர் குமரகுருபரன், "ஏளா, நடிக்காத. மனசு வச்சா விரியும்" என்று அவற்றை வெடுக்கென்று இழுத்தார். கை இன்னும் இறுகி, தோள்வரை தீயாய் எரிந்தது.

இன்று அவர் ஆபீசுக்குப் போனதும், பேனாவை விரலிடுக்கில் செருகிக்கொண்டு அவருக்கு ஒரு சீட்டு எழுதினாள்.

"கல்லிடைக்குறிச்சிக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன். அத்தான் காரோட வந்து நிக்காங்க. என் சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. சமையல்காரம்மாவை வரவேண்டாம்னுட்டேன். அரிசி பச்சை டப்பாவுல கெடக்கு, மனசு வச்சா வெந்துரும். கையைப் பைய நீவித்தான் விரிக்கணும்னு டாக்டர் உங்க முன்னாலதான சொன்னாரு? என்னைக் கூப்பிட வராதீங்க."

அதற்குள் கை வெட்டி இழுத்து, பேனா தாளின் குறுக்கே கோடு கிழித்தது. வலி அடங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் சக்கர நாற்காலியைத் தள்ள வந்தார். "ஒரு நிமிஷம் அத்தான்" என்று அடி ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

"இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. அப்படியே வந்தாலும், என் கையைக் கேட்டுட்டுத் தொடுங்க."