நடவடிக்கை கைவிடப்பட்டது

மேலப்பாளையம்,
9.7.1995

அன்புத் தம்பி முகம்மது இப்ராஹிமுக்கு,

உன் லாத்தா மைதீன் பாத்திமா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே உம்மாவும் உன் மச்சானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பம்பாயில் மழை பலமாம், ரேடியோவில் சொன்னார்கள். ஈரத் துணியோடு பட்டறையில் உட்காராதே.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் மருமகள் ஷம்ஸியாவுக்கு நீ அனுப்பிய தோல் பையும் வந்தது. பார்த்தவுடனே உன் தையல் என்று தெரிந்துவிட்டது. அவள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் நடந்தாள். ஆனால் கடிதத்தில் நாலே வரி. அவள் நிக்காஹுக்கு வர வசதிப்படாது, வேலை அதிகம். இதை உம்மாவுக்கு எப்படிப் படித்துக் காட்டுவது? "வேலை முடிந்தால் வருவேன்" என்று நானாக ஒரு வரி சேர்த்துப் படித்துவிட்டேன். அந்தப் பொய்யின் பாவத்தில் பாதி உனக்கு.

வாப்பா மவுத்தானபோதும் வேலை அதிகம் என்றுதான் எழுதினாய். அங்கே கலவரம் நடந்த சமயம், நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாமல் உம்மா பதினைந்து நாள் வெறும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். அதற்குப் பிறகும் நீ வரவில்லை. வேலைதான் காரணம் என்று ஊருக்குச் சொல்லலாம். எனக்கு ஏன் எழுதுகிறாய்?

எண்பத்து நாலில் நீ வாடகைச் சைக்கிள் கடையில் இருந்தாய். வைக்கோல் வியாபாரம் செய்த தில்லைநாயகம் அண்ணாச்சி, வாடகைக்கு எடுத்த சைக்கிளின் சக்கரத்தை வளைத்துக் கொண்டுவந்தார். பேச்சு முற்றி அவர் வாப்பாவை ஏசினார், நீ அவரைத் தள்ளினாய், அவர் கடையை ஒட்டிய பாளையங்கால்வாய்ப் படிக்கட்டில் விழுந்தார். அசையாமல் கிடந்தவரைப் பார்த்து, செத்துப் போனார் என்று நினைத்து ஓடினாய். அவர் சாகவில்லை, தொடை எலும்புதான் முறிந்தது என்று உனக்குத் தெரிவதற்குள் நீ பம்பாய் போய்ச் சேர்ந்துவிட்டாய். போலீஸ் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தது. யாரோ ஒருவர் வாப்பாவிடம், பையன் கிடைத்தால் ஏழு வருஷம் உள்ளே இருப்பான் என்று சொல்லிவிட்டார். அந்த ஏழு வருஷம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நாமெல்லாம் பதினொரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டோம். வழக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடப் போய்க் கேட்டதில்லை.

நான் கேட்கப் போகிறேன். போகிறேன் என்ன, போயே வந்துவிட்டேன். உன் மச்சான், தூங்குகிற நாயை எழுப்பாதே என்றார். எழுப்பினால்தானே அது கடிக்கிற நாயா என்று தெரியும் என்றேன். பீடித் தட்டை ஷம்ஸியாவிடம் கொடுத்துவிட்டு வியாழக்கிழமை பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

முதலில் நான் நுழைந்தது முன்சீப் கோர்ட். அங்கே அரைமணி நேரம் வரிசையில் நின்ற பிறகுதான், இது சொத்து வழக்கு நடக்கும் இடம், அடிதடி என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னார்கள். பக்கத்துக் கட்டடந்தான். அங்கே பழைய பதிவேடுகளைப் பார்க்கிறவர் வைத்தீஸ்வரன் என்று ஒருவர். நெற்றி நிறைய விபூதி, சிரிப்பே கிடையாது. வழக்கு எண் என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். எந்த ஸ்டேஷன், எந்த வருஷம், எந்த மாதம், அடிபட்டவர் பெயர் என்ன, அடித்தவர் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எண் தெரியாவிட்டால் இவ்வளவும் வேண்டும், இதில் ஒன்று குறைந்தாலும் வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதைதான் என்றார். தேடிக் கொடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதி, கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தால், பதிவேட்டைப் பார்த்துச் சொல்வாராம். எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

அடித்தவர் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார். தம்பி என்றேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். கோபப்பட்டு நாலு வரிக்கு மேல் எழுது, அதுவே போதும்.

உனக்காக ஐந்து வேளையும் துஆ செய்யும்,
மைதீன் பாத்திமா


மேலப்பாளையம்,
6.8.1995

அருமைத் தம்பிக்கு லாத்தாவின் சலாம்.

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அதில் ஒரு பக்கம் என்னைத் திட்டியிருக்கிறாய், அதுவும் சந்தோஷம். கிணற்றைக் கிளறினால் பூதம் வரும் என்று எழுதியிருக்கிறாய். இதுவரை வந்தது ஒரு நம்பர்தான்.

குற்ற எண் 212, வருஷம் 1984. வைத்தீஸ்வரன் சார் பதிவேட்டில் கண்டுபிடித்துவிட்டார். அதைத் திருப்பி என் பக்கம் காட்டினார். உன் பெயரும் வாப்பாவின் பெயரும் யாருடையதோ ஒரு கையெழுத்தில் இருந்தன. வாப்பா பெயரைப் பார்த்ததும் விரலை வைத்துத் தடவினேன். கடைசிக் கட்டத்தில் 1985 மார்ச் மாதம் என்று தேதி போட்டு இரண்டு மூன்று எழுத்து மட்டும் சுருக்கி எழுதியிருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"நான் வாயால சொன்னா அது காத்தோட போயிரும்மா. நகலுக்கு மனு போடுங்க. முத்திரையோட தாள்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பழைய வழக்குக் கட்டுகளைக் குறிப்பிட்ட வருஷம் ஆனதும் அழித்துவிடுவார்களாம். இது இன்னும் இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியுமாம்.

நான் வழக்கில் சம்பந்தப்பட்டவள் இல்லை. ஆகவே நகல் எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்லி ஒரு உறுதிமொழி கொடுக்க வேண்டும். கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் டைப் மெஷின் வைத்துக்கொண்டு இசக்கியம்மா என்று ஒருத்தி இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். வெற்றிலை போட்டுக்கொண்டே மழை பெய்கிற மாதிரி அடிக்கிறாள். காரணம் என்ன போட என்று கேட்டாள். எனக்கு என்ன சொல்ல என்று தெரியவில்லை. தம்பி வீட்டுக்கு வரணும், அதான் என்றேன். அவள் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "என் உடன்பிறந்த தம்பி ஊர் திரும்ப ஏதுவாக" என்று அடித்தாள். கோர்ட்டில் இதை ஏற்பார்களா என்று கேட்டேன். உண்மையைத்தானே கேட்கிறார்கள், இதைவிட உண்மை என்ன இருக்கிறது என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். மனுவைக் கொடுத்துவிட்டு, தபால் வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்து மறித்து, அவர் என்னைக் கண்டால் சைக்கிளை வேறு பக்கம் திருப்ப ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்துப் போனால் என் மனு தள்ளுபடி. நகல் எழுத எத்தனை முத்திரைத் தாள் வேண்டும் என்று கோர்ட் அறிவிப்புப் பலகையில் மனு எண்ணைப் போட்டு ஒட்டுவார்களாம். நாமேதான் போய்ப் பார்த்து, சொன்ன நாளுக்குள் தாள் வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். பலகை வாசலிலேயே ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. நான் அதன் கீழே நின்றுதான் முந்தின தடவை குடையை மடக்கினேன்.

வைத்தீஸ்வரன் சார் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார். இன்னொரு மனு போடுங்கம்மா, உலகம் முழுகிப் போயிராது என்றார். போட்டேன். இப்போது தினமும் பத்து மணி பஸ்ஸில் போய்ப் பலகையைப் படித்துவிட்டு வருகிறேன். டிரைவர் என்னை வக்கீலம்மா என்கிறார். உன் மச்சானும் மாறிவிட்டார். லுங்கிக் கடையில் வருகிறவர்களிடமெல்லாம், நகல் மனு எப்படிப் போட வேண்டும் தெரியுமா என்று பாடம் நடத்துகிறாராம்.

ராத்தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் இல்லை. ஆனாலும் மனசுக்குள் என்னமோ நல்லதாகத்தான் படுகிறது.

அல்லாஹ் நம் பக்கம் பார்க்கட்டும்.
உன் லாத்தா


மேலப்பாளையம்,
3.9.1995

என் செல்லத் தம்பி இப்ராஹிமுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. பட்டறையில் நின்றபடி படிக்காதே.

கட்டு அழிக்கப்படவில்லை. நகல் கிடைத்துவிட்டது. மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை, ஒப்பிட்டுப் பார்த்தவர் கையெழுத்து. வைத்தீஸ்வரன் சார் அதை என் கையில் கொடுக்கும்போது, வீட்டுக்குப் போய்ப் படிங்க, பஸ்ஸில் படிக்காதீங்க என்றார். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. இசக்கியம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்தேன்.

அடிபட்ட தில்லைநாயகம் என்பவர், தான் ஈரப் படியில் வழுக்கி விழுந்ததாகவும், தன்னை யாரும் தள்ளவில்லை என்றும் போலீசில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். வேறு சாட்சிகளும் இல்லை. ஆகவே எதிரி (உன்னைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள்) மீது குற்றம் ஏதும் இல்லை என்று போலீசார் அறிக்கை கொடுத்து, மாஜிஸ்திரேட் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். கடைசி வரியை அப்படியே எழுதுகிறேன்: "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது." தேதி 14.3.1985.

இப்ராஹிம், உன் மேல் வழக்கே இல்லை. பத்தரை வருஷமாக இல்லை. குற்றப் பத்திரிகையும் போடவில்லை, வாரண்டும் இல்லை. நீ தாராவியில் போலீஸ்காரனைக் கண்டு சந்துக்குள் ஒதுங்கினதெல்லாம் ஒன்றுமில்லாததற்குத்தான்.

நான் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். யாரோ வழக்கில் தோற்றுவிட்டார்கள் என்று நினைத்து வந்த வக்கீல் ஒருவரை இசக்கியம்மா, சோலியப் பாத்துப் போங்க சார் என்று விரட்டிவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஆனால் நீ தள்ளியது நிஜம். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அப்படியானால் அவர் ஏன் அப்படிச் சொன்னார்? அதைக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. விசாரித்ததில் அவர் சேரன்மகாதேவியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. நானும் உன் மச்சானும் போனோம். வழியெல்லாம் கார் நெல் அறுவடை. நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

அண்ணாச்சி காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறார். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இன்னாருடைய மகள் என்று சொன்னேன். நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார். நகலைக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மொதல்ல வாய விட்டது நான்லா தாயி. பெத்த தகப்பன ஏசுனா எந்தப் பயலுக்குத்தான் பொறுக்கும்? ஆஸ்பத்திரில கெடக்கும்போது போலீசு வந்து கேட்டாங்க. இருவது வயசுப் பயல செயில்ல வச்சுட்டு நான் நடந்து என்ன செய்ய? வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டேன். பய அடுத்த மாசமே வந்துருவான்னுதான் நெனச்சேன்."

அவன் இன்னும் வரவில்லை என்றேன். எப்போதிருந்து என்று கேட்டார். அன்றைக்குப் போனவன்தான் என்றேன்.

அவர் மடியில் இருந்த நகலை எடுத்து மறுபடியும் தேதியைப் பார்த்தார். பிறகு, "ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கப்படாதா?" என்றார்.

அவர் கேட்டது எங்களைக் குறை சொல்வதற்கு இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. வாப்பா ஒரு தடவை அவரைச் சந்தையில் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வேறு வழியாகப் போனாராம். தன் மேல் உள்ள வருத்தம் என்று அண்ணாச்சி நினைத்தாராம். வாப்பா அப்படிப் போனது பயத்தால். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு உன் மச்சான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

கிளம்பும்போது கல்யாணத்துக்கு அழைத்தேன். கட்டாயம் வருவதாகச் சொன்னார். அந்தப் பயலை நான் கூப்பிட்டேன் என்று எழுது என்றும் சொன்னார். எழுதிவிட்டேன். ஒரு விஷயம், அவர் நம்மிடம் சொன்னதை நீ யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. கோர்ட் தாளில் உள்ளதுதான் ஊருக்கு.

நகலை ஜெராக்ஸ் எடுத்து இத்தோடு வைத்திருக்கிறேன். முத்திரை போட்டதை அனுப்ப மாட்டேன். அது அலமாரியில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.

கல்யாண வேலை மும்முரம். வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். பிரியாணி ஆக்குகிற பண்டாரியைப் பேசியாயிற்று. உம்மா யாரையும் சும்மா இருக்க விடுவதில்லை. அவளிடம் நான் நகலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அன்றிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். நீ வருவது நிச்சயம் என்று தெரியாமல் அவளை அப்படி உட்கார வைக்க எனக்குத் துணிவில்லை.

நிக்காஹ் 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மெட்ராஸ் வந்து நெல்லை வண்டி பிடி. எந்தத் தேதி என்று மட்டும் தந்தி கொடு. ஜங்ஷனுக்கு நான்தான் வருவேன், வேறு யாரையும் அனுப்ப மாட்டேன். உனக்கு முடி நரைத்திருந்தாலும் தொப்பை போட்டிருந்தாலும் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். நீதான் பார்த்து வர வேண்டும். நான் இப்போது கண்ணாடி போட்டிருக்கிறேன், கொஞ்சம் மெலிந்தும் போய்விட்டேன். அடையாளம் தெரியாமல் என்னைத் தாண்டிப் போய்விடாதே தம்பி.

உன்னைப் பத்திரமாக வண்டியேற்றி, பத்திரமாக இறக்கிவிட அல்லாஹ்வை வேண்டும்,
உன் லாத்தா
மைதீன் பாத்திமா