பொம்மைக்குத் தமிழ் தெரியாது

ஜூன் 15, ஞாயிறு

வெயில். மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை. தண்ணீர் லாரி வரவில்லை. மினுவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.

சபிதா வந்தாள். ஒடிசாக்காரி. கப்பலூர் மில்லில் அவளுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு, அதையும் எங்களுக்குத் தருகிறாள். அவள் எனக்கு ஒடியா சொல்லித்தர வேண்டும், நான் அதை விளையாட்டாக்கி மினுவிடம் கொண்டுபோக வேண்டும். இதுதான் ஏற்பாடு.

இன்றைக்கு:
தண்ணீர் – பாணி
சோறு – பாத
பூனை – பிலேய்
நிலா – ஜஹ்ன மாமு (அங்கேயும் நிலா மாமன்தான்)
பொரி – முடி

சாயங்காலம் கடை விளையாட்டு. இவர் கடைக்காரர், துண்டை விரித்து உட்கார்ந்தார். மினு கையை நீட்டி, “முடி குடு.” இவர் தலையைக் குனிந்து காட்டி, “எம்புட்டு வேணும்? நீயே புடுங்கிக்க தாயி.” அவளுக்கு விக்கல் வரும்வரை சிரிப்பு. சபிதாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஒடியா எதற்கு என்று பக்கத்து வீட்டில் இன்றும் கேட்டார்கள். மினு எங்களிடம் வந்த முதல் வாரம் “போக, போக” என்று ஓயாமல் அழுதாள். எங்கேயோ போகணும் என்கிறாள் என்று இவர் தூக்கிக்கொண்டு பசுமலைத் தெருவெல்லாம் நடந்தார். அழுகை கூடிக்கொண்டேதான் போனது. ரொம்ப நாள் கழித்து சபிதா பழக்கமானபோது சொன்னாள்: அவர்கள் பேச்சில் ‘போக’ என்றால் பசி.

பசிக்கிறது என்று அழுத பிள்ளைக்கு நாங்கள் தெருவைக் காட்டியிருக்கிறோம். இதைப் பக்கத்து வீட்டில் சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

காற்று மட்டும் கொஞ்சம். இட்லி மாவு புளித்துவிட்டது.

இவருடைய ஒற்றை சாக்ஸில் பொம்மை செய்தேன். பொத்தான் கண், சிவப்பு நூல் வாய். கையில் மாட்டிக்கொண்டு, “இந்தப் பொம்மைக்குத் தமிழ் தெரியாது. ஒடியாவுல பேசினாத்தான் காது கேக்கும்” என்றேன். மினு பொம்மையின் முகத்துக்கு நேரே போய், “உனக்குக் காதே இல்லையே” என்றாள். உட்கார்ந்து காது தைத்தேன்.

அதன் பிறகு ஒரே பேச்சு. பொம்மைக்குப் பாணி, பொம்மைக்குப் பாத. நடுவில் சொல் தெரியாவிட்டால் என் பக்கம் திரும்பி ரகசியமாக, “அம்மா, உப்புக்கு என்ன?” எனக்கும் தெரியாது. ஞாயிறு கேட்க வேண்டும்.

அம்மா என்று கூப்பிடப் பழக்க வேண்டாம், அத்தை போதும் என்று குழந்தைகள் நல அலுவலக மேடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். நான் பழக்கவில்லை. தெருப் பிள்ளைகளைப் பார்த்து அவளாகவே கூப்பிட்டாள். மறுத்துச் சொல்ல என் வாய்க்கு வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மேடம் போன். அரிசி களைந்துகொண்டிருந்தேன், ஈரக் கையோடு எடுத்தேன்.

“கலைச்செல்வி, அந்தப் பிள்ளையோட அப்பாவுக்குச் சரியாயிருச்சாம்மா. கம்பு ஊனி நடக்குறாராம். பிள்ளையக் கூட்டிக்கிறேன்னு எழுதிக் குடுத்திருக்காரு.”

நல்ல விஷயம் மேடம் என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செங்கல் சூளையில் லாரி பின்னோக்கி வந்து இடித்ததில் இவள் அம்மா அங்கேயே போய்விட்டாள். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு நொறுங்கி, ஊரிலிருந்து ஆள் வந்து கட்டிலோடு கொண்டுபோனார்கள். கைக்குழந்தை மாதிரி இருந்த இவளைப் பார்க்க ஆள் இல்லை. அவர் எழுந்து நடக்கும்வரை என்றுதான் எங்களிடம் கொடுத்தார்கள். எல்லாம் தெரிந்துதான் வாங்கினோம். தெரியும் என்பது வேறு.

சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

சபிதாவை இன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை.

ஜூன் 25, புதன்

இவர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, “என்ன, நாலஞ்சு நாளா உன் பொம்மை வாயே தெறக்க மாட்டேங்குது?”

“தலைவலி.”

“பொம்மைக்கா?”

சட்டையை வாங்கி வாளியில் போட்டேன். அவர் மினுவைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார்.

கல்லுப்பட்டியிலிருந்து நாத்தனார் போன். “என்ன மதினி, கொண்டுபோயிருவாகளாமே. அதுக்குத்தான் அப்பயே சொன்னேன், ஊரான் பிள்ளைக்கு இம்புட்டு ஒட்டுதல் ஆகாதுன்னு.” கேபிள் பில் கட்ட வேண்டும். மினுவுக்கு நகம் வெட்ட வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

மேடம் நேரில் வந்தார். மினுவிடம் பேர் கேட்டார், பாட்டுப் பாடச் சொன்னார். தமிழ்ப் பாட்டு மூன்று, கையை ஆட்டி ஆட்டிப் பாடினாள்.

வாசல்வரை போனவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “அப்பாகிட்ட ஒட்டலைன்னா, பேசவே மாட்டேங்குதுன்னா, உடனே அனுப்ப மாட்டோம்மா. கொஞ்ச மாசம் தள்ளிப் போகும். பார்ப்போம்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வண்டி கிளம்பிப் போன பிறகும் கேட்டைப் பிடித்தபடி நின்றேன். நான் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சாக்ஸ் பொம்மை பீரோவுக்குள்ளேயே இருந்தால் போதும்.

இவரிடம் சொன்னேன். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். “நீ என்ன சொல்ற” என்று கேட்டார். நீங்க சொல்லுங்க என்றேன். எழுந்துபோய் விளக்கை அணைத்தார்.

ஜூன் 29, ஞாயிறு

வீடியோ கால். மேடம் ஏற்பாடு. சபிதாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. போன வாரம் ஏன் வேண்டாம் என்றேன் என்று அவள் கேட்கவில்லை.

அப்பா பேர் திரேன். கன்னம் ஒட்டிய முகம், சட்டைக் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். சபிதா மினுவிடம் திரையைக் காட்டி, “பாப்பா, பாப்பா” என்றாள். அவர்கள் பேச்சில் அப்பா. மினுவுக்குக் கோபம்.

“அது பாப்பா இல்ல. நாந்தான் பாப்பா!”

என் மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார், சோறும் மீனும். ஏதோ கேட்டார். இவள் திரும்பவில்லை. தட்டை வைத்துவிட்டு ஒரு கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து காட்டினார். திரும்பவில்லை. பிள்ளை தெரியாத திரையைப் பார்த்து அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் சபிதாவிடம் மெதுவாக ஒன்று கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“அக்கா, அவரு கேக்குது... பிள்ளைக்கு என் பேச்சு புரியலையா, என்னைப் பிடிக்கலையா.”

போனை வைத்ததும் பீரோவைத் திறந்தேன். பொம்மையை மாட்டிக்கொண்டேன். மினு, “தலைவலி போயிருச்சா?” என்று அதனிடம் கேட்டாள், பிறகு அதற்குத் தமிழ் தெரியாதென்று நினைவு வந்து, ஒடியாவில் கேட்கப் பார்த்தாள். தலைக்கு என்ன சொல் என்று தெரியவில்லை. முண்ட என்றாள் சபிதா.

ஜூலை 6, ஞாயிறு

அழகர்கோவில். இவர்தான் போகலாம் என்றார். பொரிப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. மினு பயப்படவில்லை, பின்னாலேயே ஓடி, “ஏய் மாங்கட! என் முடியக் குடு!” மாங்கட என்றால் குரங்கு, போன வாரம் படித்தது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, “இது என்ன பாஷை பேசுது பிள்ளை?” இவர் சொன்னார்: “அவுக அப்பா பாஷை.”

அவர் வாயால் அப்படிக் கேட்டது முதல் தடவை. சாமியிடம் எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. எதைக் கேட்பது.

ஜூலை 10, வியாழன்

தினமும் செய்வது இப்போது: காலையில் குளிக்கும்போது உடம்புச் சொற்கள் (நாக, கான, ஆக்கி, ஹாத: மூக்கு, காது, கண், கை – தண்ணீரை எங்கே ஊற்றச் சொல்கிறாளோ அங்கே). மத்தியானம் பொம்மைக்குச் சாப்பாடு. சாயங்காலம் திரேனோடு போனில் ஐந்து நிமிஷம். அவர் ஒரு சாமானை ஒளித்து வைப்பார், மினு கண்டுபிடித்துப் பேர் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டு அவராகவே யோசித்தது. நன்றாக விளையாடுகிறார். அவருக்குச் சிரிப்பு வந்தால் தோள் குலுங்குகிறது, மினுவுக்கும் அப்படித்தான். இத்தனை நாள் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இருந்தேன்.

ஒவ்வொரு சொல்லாக அவளை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கிறேன். இதைச் செய்ய வேறு யாரும் இல்லை.

மாதுளை வாங்கினேன். புளிப்பு.

ஜூலை 18, வெள்ளி

ஆடிக் காற்று, கண்ணெல்லாம் மண். அலுவலகத்தில் சந்திப்பு.

திரேன் கம்பு ஊனி வந்தார், கூட அவர் அக்கா. மினு என் சேலைக்குப் பின்னால். அவர் கிட்டே வரவில்லை. தூரத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த பொரி.

மினு எட்டிப் பார்த்தாள். சேலையை விட்டாள். போய் அவர் முன்னால் நின்று, தெளிவாக:

“பாப்பா, மொதே முடி தியா.”

அப்பா, எனக்குப் பொரி குடு.

அவர் முடிச்சை அவசரமாக நீட்டியதில் பாதிப் பொரி தரையில் சிந்தியது. அவர் அக்காதான் அள்ளிக் கொடுத்தார். மினு சாப்பிட்டுக்கொண்டே எங்கள் வீட்டில் பிலேய் இருக்கிறது, குட்டி போட்டிருக்கிறது என்று சொன்னாள். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. எல்லாம் என் சமையலறையில் படித்தவை.

மேடம் என் தோளைத் தொட்டு, “நல்லாத் தயார் பண்ணியிருக்கம்மா. இனித் தள்ளிப்போட ஒண்ணுமில்ல” என்றார். பாராட்டுத்தான். டீ வாங்கப் போன இவர் டீ இல்லாமல் திரும்பி வந்தார். கடை மூடியிருந்ததாம். எதிரே கடை திறந்துதான் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டு நாளாகத் திரேனும் அக்காவும் பகலில் நம் வீட்டில். அவர்களுக்கு நான் தமிழ் சொல்லித்தருகிறேன். மினுவுக்கு அவசரத்தில் வருவது தமிழ்தான், அவர்களுக்குத் தெரிய வேண்டாமா.

பசிக்குது. ஒண்ணுக்கு வருது. பயமா இருக்கு. தூக்கு. வலிக்குது.

மினுதான் டீச்சர். பொம்மையைக் கையில் மாட்டி, “சொல்லு, தூக்கு.” திரேன், “துக்கு.” “துக்கு இல்ல, தூ...க்கு!” அவர் சரியாகச் சொன்னதும், கம்பைச் சுவரில் சாத்திவிட்டு நிஜமாகவே தூக்கினார். இடுப்பு வலித்திருக்கும். இறக்கவில்லை.

எடுத்து வைத்தது: கவுன்கள், ஸ்வெட்டர் (அங்கே குளிருமாம்), வேர்க்குரு பவுடர், தடுப்பூசி அட்டை, பொம்மை, இவர் வாங்கி வந்த புதுச் செருப்பு. செருப்பு ஒரு அளவு பெரிது. வளர்ந்தால் போடட்டும் என்றார்.

ஜூலை 21, திங்கள்

ஜங்ஷன். சபிதாவும் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

எல்லோரும் போகிறோம் என்று மினு நினைத்திருந்தாள் போல. ஜன்னலோரம் உட்கார்ந்து, “அம்மா, நீ ஏறு. அப்பா, ஏறு. எடம் இருக்கு.” சீட்டைத் தட்டித் தட்டிக் காட்டினாள். பொய் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். “நீ பாப்பாகூடப் போ தங்கம். நாங்க இங்க இருக்கோம்.” இரண்டு பாஷையிலும் சொன்னேன். இரண்டிலும் புரியவில்லை.

வண்டி அசைந்ததும் புரிந்துவிட்டது.

“எறக்கி விடு! எறக்கி விடு!”

அவள் அத்தை பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தார். திரேன் பொரி முடிச்சைத் தேடினார். அந்தச் சொல்லை நான் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இவர் பிளாட்பாரம் முடியும்வரை கூடவே ஓடினார்.

ஜூலை 22, செவ்வாய்

பூனைக்குப் பால் வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சபிதா வந்தாள். வேலை ஒன்றும் இல்லை, சும்மா வந்தாள். இட்லி சாப்பிட்டாள். போகும்போது, “இனிமே வரலாமா அக்கா?” வா என்றேன். உப்புக்கு என்ன சொல் என்று அப்போதுதான் கேட்டேன். லுண.

அக்டோபர் 12, ஞாயிறு

மழை, விட்டு விட்டு. விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக் கூட்டம், இவர் நனைந்து வந்தார். கையில் ஒரு கவுன் பை. அளவு எப்படித் தெரிந்தது என்றேன். குத்துமதிப்பு என்றார். நாளை பார்சல் அனுப்ப வேண்டும்.

சாயங்காலம் திரேனே கூப்பிட்டார். போன மாதம் முழுக்க அங்கே மழை, லைன் கிடைக்கவில்லையாம். மினு தெரிந்தாள். முடி வெட்டியிருக்கிறார்கள். உயரம். திரேன் அவளிடம் என்னைக் காட்டி, “மாஉசி” என்றார். சித்தி முறை. மினுவும் “மாஉசி” என்றாள், வெட்கப்பட்டுக்கொண்டு. சரிதான். அதுதான் சரி.

ஒடியாவில் கேட்டேன், ஒடியாவில் சொன்னாள். வாத்து வாங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிறாள். ஓடி விழுந்த காயம் என்று முழங்காலைத் தூக்கிக் காட்டினாள். நான் பேசுவது கொஞ்சம் சிரிப்பாக இருந்தது அவளுக்கு. என் உச்சரிப்பு அப்படி.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த இவர் ஓடிவந்து போனை வாங்கினார். இவருக்குத் தமிழ் மட்டும்தான்.

“தாயி! சாப்ட்டியா தங்கம்? என்ன சாப்ட்ட?”

மினு திரையையே பார்த்தாள். பிறகு திரேன் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள்:

“கண கஹுச்சந்தி?”

என்ன சொல்றாங்க.

இவர் முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தார். “என்ன கலா, என்ன சொல்லுது பிள்ளை?”

“சாப்ட்டேன்னு சொல்லுது. நீங்க சாப்ட்டீங்களான்னு கேக்குது.”

“சாப்ட்டேன் தாயி, சாப்ட்டேன்” என்று போனைப் பார்த்துக் கத்தினார்.