அப்பா துடைத்த கண்ணாடி

நந்திதுர்க் லைன்,
22-7-2001

அன்பு மகள் ஷைலாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளை ஆஸ்டினும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து சாயங்காலமானால் கரண்ட் போய்விடுகிறது. நீ அனுப்பிய சோலார் தகடும் பாட்டரியும் இருந்ததால்தான் அப்பா முகத்துக்கு நேராக அந்தச் சின்ன ஃபேன் ஓடியது, காற்று முகத்தில் பட்டால்தான் அவருக்கு இழுப்பு அடங்கும். இப்போது சாப்பிடும் நேரத்துக்குள்ளேயே அது நின்றுவிடுகிறது. நான் அட்டையால் விசிறுகிறேன், கை ஓய்ந்துபோகிறது, அவர் திணறுவதைப் பார்க்க முடியவில்லை ஷைலா.

ஆடிக் காற்றில், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு மண் ஊரெல்லாம் பறக்கிறது. தகட்டுக் கண்ணாடிமேல் நீ பூசிய பூச்சு வெயிலை வீணாக்காமல் உள்ளே வாங்கும், தூசியை ஒட்டவிடாது, தேய்க்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு, கண்ணாடின்னா தொடைக்கத்தானே என்று அப்பா சிரித்தார். தண்ணீர்தான் எங்கே, குடிக்கவே குடத்தை வரிசையில் வைக்கிறோம். சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜில் ஏறுமுன் தொப்பி விளக்குக் கண்ணாடியைச் சாம்பல் தொட்டுத் தேய்த்துப் பழகிய கை, தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி இதையும் அப்படியே தேய்த்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் கிளாரன்ஸ் வந்து பார்த்துவிட்டு, பூச்சு மொத்தமும் பூடுச்சு ஆன்ட்டி, முழுக்கக் கீறல், மண்ணு அதுலதான் குந்தினு கீது என்று என் காதோடு சொன்னான்.

ஸ்டூலைப் பக்கத்து வீட்டு ஏனோக்கிடம் கொடுத்து ஒளித்தேன், அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு போகிறார், பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். நம்ம புள்ள செஞ்சு அனுப்பினது ஐடா, நான் தொடைக்காம யாரு தொடைப்பா என்கிறார். நேற்று நின்றுபோன ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் இன்னா தப்பு பண்ணிட்டேனா ஐடா என்று கேட்டார். பாட்டரி பழசு என்றேன், அவர் நம்பவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் கோபப்படாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் கண்மணி போலக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே, இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். அப்பா பெயருக்குத் தனியாக எழுது. பூச்சு என் தப்பு அப்பா, தானாகவே உரிந்துவிட்டது, இனித் துடைத்தும் பயனில்லை என்று எழுது. பொய்தான். உன் கையெழுத்தில் வந்தால் நம்புவார்.

இப்படிக்கு
உன் அம்மா,
ஐடா கொர்னேலியஸ்