முன்வரிசை நாற்காலி

ஜார்ஜ் டவுன்,
வியாழக்கிழமை இரவு

கிஷா அப்பாவுக்கு, தனுஜா எழுதுவது.

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றரை. கிஷா இப்போதுதான் தூங்கினாள். நான்கு நாளாக உங்களுக்குப் போன் போகவில்லை. மிரியில் உங்கள் கம்பெனி ஆபீசில் கேட்டால், கடலில் காற்று அதிகம், எண்ணெய் ரிக்கில் போன் லைன் விழுந்துவிட்டது, ஆட்கள் எல்லாரும் நலம் என்கிறார்கள். லைனே இல்லாமல் நலம் என்று யார் சொன்னது என்று கேட்டேன். லைன் வந்ததும் ஈமெயில்தான் முதலில் இறங்கும் என்று ஒருமுறை சொன்னீர்களே, அதனால்தான் இது.

பட்டர்வொர்த்திலிருந்து உங்கள் அக்கா எதையாவது அனுப்பியிருந்தால், அதைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்வதைப் படித்துவிடுங்கள்.

கீழ்வீட்டு லின் தையல் மெஷினில் உட்கார்ந்தால் அவர்கள் சீன மொழியான ஹொக்கியனில் பாட்டை நிறுத்தவே மாட்டாள், உங்களுக்குத் தெரியும். பள்ளி விட்டதும் நான் லேபிலிருந்து வரும்வரை கிஷா அங்கேதான். முதலில் அர்த்தம் தெரியாமல் ராகத்தை மட்டும் பிடித்தாள். அப்புறம் ஒவ்வொரு வரியாக, இது என்ன, அது என்ன என்று லின்னைத் துளைத்தெடுத்திருக்கிறாள். இப்போது குவே தியாவ் நூடுல்ஸ் கடையில் மிளகாய் வேண்டாம், முட்டை கூடப் போடு என்று அவளே ஹொக்கியனில் உத்தரவு போடுகிறாள். இது உன் பிள்ளையா, எங்க பிள்ளையா லா என்று கடைக்காரர் என்னைக் கேலி செய்கிறார். அவளும் லின்னும் பேசிச் சிரிக்கும்போது நான் பக்கத்தில் பொம்மை மாதிரி நிற்கிறேன்.

போன தடவை வந்தபோது அவளிடம் ஒன்று சொன்னீர்கள். பிறந்ததிலிருந்து பினாங்கில் இருக்கிறேன், கடையில் மீ நூடுல்ஸ் ஆர்டர் பண்ணுகிற அளவுக்குத்தான் எனக்கு ஹொக்கியன் வரும், நீ மேடையில் ஒரு முழுப் பாட்டுப் பாடு, நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன் என்றீர்கள். நமக்கு அது சும்மா பேச்சு.

சீனர்களுக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. மார்க்கெட் பக்கத்தில் வழக்கம்போல பாட்டு மேடை போட்டிருக்கிறார்கள். ஞாயிறு இரவு எனக்கு வேலை, லின்தான் அவளைக் கூட்டிப்போனாள். சின்னப் பிள்ளைகள் யாராவது பாடுகிறீர்களா என்று பாடகி கேட்டதும் இவள் எழுந்து ஓடியிருக்கிறாள். ஓடுகிற வழியில், முன்வரிசை நடு நாற்காலியில் தன் தண்ணீர் பாட்டிலையும் தலையில் போட்டிருந்த உங்கள் கம்பெனித் தொப்பியையும் வைத்துவிட்டாள். பள்ளிக் கேண்டீனில் இடம் பிடிப்பார்களே, அப்படி. உங்கள் பெயர் தைத்த தொப்பி.

ஏழாம் மாதத்தில் அந்த வரிசை இறந்தவர்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பதற்கு. உயிரோடு இருக்கிற யாரும் அதில் உட்காருவதில்லை. ஊருக்கே தெரியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லி வைக்கவில்லை. நானும்தான்.

யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்று நிமிடம், ஒரு சொல் தடுக்கவில்லை. நீங்கள் பார்த்தால் பூரித்துப்போவீர்கள். பாட்டு முடிந்ததும் அந்த நாற்காலியைக் காட்டி என்னவோ சொல்கிறாள். கைதட்டல் அப்படியே நின்றுபோகிறது. என்ன சொன்னாள் என்று லின்னைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு மலாயில் சொன்னாள். அது எங்க அப்பா இடம், யாரும் உட்காராதீங்க, அவர் வந்துகிட்டு இருக்காரு.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அக்கா திங்கள் விடியற்காலையிலேயே போன் செய்தார். உயிரோட இருக்கிறவனுக்குப் பேய் நாற்காலியில இடம் பிடிச்சு வெச்சிருக்கீங்க, காலேஜ் படிச்சவ பிள்ளை வளக்குற லட்சணம் இதுதானா என்றார். ரிக்கில் லைன் விழுந்ததும் அதே ஞாயிறு இரவு. எனக்கு அது தோன்றவே இல்லை, அக்காதான் சேர்த்துச் சொன்னார். லின் அன்றைக்கே மேடைக்குப் போய் ஊதுபத்தி கொளுத்தி, ஆரஞ்சு வைத்து, தொப்பியில் இருக்கிற பெயர்க்காரர் உயிரோடு இருக்கிறார், அவரை விட்டுவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டு வந்தாளாம். அதற்கப்புறம் அவள் வீட்டில் பாட்டே இல்லை. மெஷின் சத்தம் மட்டும்தான் மேலே வருகிறது.

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். காற்றடித்தால் லைன் போகும், அவ்வளவுதான். ஆனாலும் அந்தத் தொப்பியை மூன்று முறை துவைத்துவிட்டேன்.

பிள்ளையிடம் யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அக்கா இன்று மறுபடி போனில் சத்தம் போட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. படுத்த பிறகு, நான் அங்க இடம் பிடிச்சதாலதான் அப்பா பேசலையாம்மா என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். எனக்குப் புரியாத பாஷையில் கேட்டிருக்கலாம்.

காலையில் எழுந்ததும் திரும்பக் கேட்பாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. போன வாரம் போனில் நான் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். லீவு கிடைக்காதது உங்கள் குற்றமில்லை.

பத்திரமாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நிறைய எழுத வேண்டாம், அவள் பெயர் போட்டு ஒரே ஒரு வரி போதும். இதைப் பார்த்ததும் பதில் எழுதுங்கள்.

உங்கள்
தனுஜா